பதினோராம் ஆண்டுக்குப் பின்: றக்வானத் தோட்டங்களும் உயர்தரப் பாடத்துறைகளும்

இலங்கையில் 2017 ஆம் ஆண்டு 42 பாடசாலைகளில் முன்னோடியாகத் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில் 26 பாடங்கள் இருந்தன. சிறுவர் உளவியலும் பராமரிப்பும், அலுமினிய வேலை, நீர்வாழ் வளங்கள், இணைய வடிவமைப்பு, உல்லாசப் பயணத்துறை என்று நீளும் அந்தப் பட்டியலில் தோட்டப்பயிர் உற்பத்தியும் ஒரு பாடம். மாணிக்கக்கல் அதில் இல்லை. இரத்தினத்தைப் பெயரிலேயே சுமக்கும் இரத்தினபுரி மாவட்டத்தில், றக்வானத் தோட்டமொன்றின் லயத்து வாசலில் நின்று இந்தப் பட்டியலைப் படிப்பவருக்குச் சிரிப்பு வரலாம். மேலே தேயிலை மலை, கீழே வயலோரத்தில் மாணிக்கக் குழி. தாய் தகப்பன் செய்யும் வேலை பாடமாக வந்திருக்கிறது. அயலில் காசு புரளும் வேலை வரவில்லை.

இதைச் சதி என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. முழு நாட்டுக்குமாகக் கொழும்பில் தயாரித்த பட்டியல் அது, அவ்வளவுதான். ஆனால் ஒரு சிறப்புப் பாடத்துறை நல்லதா கெட்டதா என்பதை அதன் பாடவிதானத்தை மட்டும் வாசித்து முடிவுசெய்ய முடியாது என்பதற்கு இது நல்ல தொடக்கம். எந்த மொழியில், எத்தனை பஸ் மாறி, எந்த ஆசிரியரிடம், வேறு எந்த வாசல்கள் மூடியிருக்கும்போது அது ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பெறுமதி அமைகிறது. சப்ரகமுவத் தோட்டங்களில் ‘தெரிவு’ என்று கல்வி அமைச்சு அழைப்பது பெரும்பாலும் மிச்சமிருந்த ஒன்றைத்தான். உயர்தர விஞ்ஞானமும் தொழினுட்பமும் தமிழ்மொழியில் எட்டும் தூரத்துக்கு வராத வரையில், தொழிற்பிரிவு எவ்வளவு சிறப்பாக வடிவமைக்கப்பட்டாலும் தோட்டப் பிள்ளைகளைத் தோட்டத்தோடு கட்டிவைக்கும் கயிறாகவே பயன்படும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலையகத் தமிழரின் கல்வி என்று பேச்செடுத்தால் ஹட்டன், நுவரெலியா, பதுளை என்றே நம் ஆய்வுகள் சுற்றிவருகின்றன. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடிக்குறிப்பில் வந்து போகும். இந்தப் புறக்கணிப்புக்குப் புவியியல் காரணம் ஒன்று உண்டு. நுவரெலியாவில் தோட்டத்தை அடுத்துத் தோட்டம். தமிழ்ப் பாடசாலைகளும் அவ்வாறே நெருங்கி நிற்கின்றன. காலியிலிருந்து தெனியாய ஊடாக மாதம்பை வரை செல்லும் ஏ17 வீதியில், புலுத்தோட்டைக் கணவாயின் அடிவாரத்தில் இருக்கும் றக்வானவைச் சுற்றி நிலைமை வேறு. தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கும் சிறு தேயிலைக் காணிகளுக்கும் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. மாவட்ட மக்களில் தமிழர் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். அந்த ஒருவரும் ஒரே இடத்தில் இல்லை. இந்தியாவோடு செய்த 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் அங்கே கப்பலேறிய குடும்பங்கள், 1977 இலும் 1981 இலும் இம்மாவட்டத்தில் நடந்த வன்செயல்களுக்குப் பின் வன்னிப் பக்கம் பெயர்ந்த குடும்பங்கள் என்று இருந்த தொகையும் கரைந்தது. ஒரு பாடசாலையில் சாதாரணதரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் நன்றாகச் சித்தியடைபவர்கள் ஆண்டுக்கு ஐந்தாறு பேர் என்றால், அவர்களுக்காக உயர்தர பௌதிகவியல் ஆசிரியர் ஒருவரை எந்த வலயக் கல்வி அலுவலகமும் அனுப்பாது. ஆசிரியர் இல்லையென்பதால் பிள்ளைகள் சேர்வதில்லை, பிள்ளைகள் இல்லையென்பதால் ஆசிரியர் வருவதில்லை. இச்சுழலைத் தனித்தனிப் பாடசாலைகளின் அக்கறையின்மை என்று விளக்குவது எளிது. எண்ணிக்கையே எதிராக நிற்கும்போது அக்கறையுள்ள அதிபரும் அதிகம் செய்துவிட முடியாது.

இதற்கு மேல் வரலாற்றுச் சுமை. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துரை பாடசாலை நடத்தவேண்டும் என்றது. அது எழுத்தும் எண்ணும் கற்பித்தால் போதும் என்ற அளவில் நின்றது. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு 1945 இல் வந்த இலவசக் கல்வி, தோட்டப் பாடசாலைகளை உள்ளே எடுக்கவில்லை. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது தோட்டங்கள் தேசியமயமான 1970களில். 1980களில் சுவீடனின் உதவி நிறுவனமான சீடாவின் நிதியில் கட்டடங்கள் எழுந்தன. 2014-15 இல் 3,000க்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் தோட்டப் பாடசாலைகளுக்கு நியமிக்கப்பட்டார்கள். அந்தத் தொகையை இரண்டாம் முறை வாசித்துப் பார்க்கலாம். ஆரம்பப் பிரிவில் தெரிந்த முன்னேற்றத்துக்கு இவர்கள் பலரின் உழைப்பே காரணம். ஆனால் இந்த முயற்சிகளெல்லாம் கீழ் வகுப்புகளை நோக்கியவை. பதினோராம் ஆண்டுக்குப் பின் என்ன என்ற கேள்வி ஒவ்வொரு திட்டத்திலும் அடுத்த திட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டது.

இலங்கைப் பாடசாலைகள் நான்கு வகை. 1ஏபி வகையில் விஞ்ஞானம் உட்பட எல்லா உயர்தரப் பிரிவுகளும் உண்டு. 1சி வகையில் கலையும் வர்த்தகமும் மட்டும். இரண்டாம் வகை பதினோராம் ஆண்டோடு நிற்கும். மூன்றாம் வகை அதற்கும் கீழே. றக்வானப் பக்கத்தில் சாதாரணதரம் எழுதி, விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல பெறுபேறு எடுத்த ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். அம்மா கொழுந்து எடுக்கிறாள், அப்பா ரப்பரில் பால் வெட்டுகிறார். அவளுடைய பாடசாலையில் உயர்தரம் இருந்தால் அது கலைப்பிரிவு. தமிழ்மொழி விஞ்ஞானம் வேண்டுமானால் மாதம்பை, கஹவத்தை, பெல்மதுளை தாண்டி இரத்தினபுரிப் பக்கம் தேடவேண்டும், அல்லது மாவட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். தோட்டத்திலிருந்து பிரதான வீதிக்கு இறங்கவே ஒரு நடை. முதல் பஸ்ஸை விட்டால் முதல் பாடம் போய்விடும். மாலையில் திரும்பும்போது இருட்டிவிடும். பெண்பிள்ளை என்றால் வீட்டில் பேச்சு அத்தோடு முடிகிறது. யாராவது கூட்டிப்போய்க் கூட்டிவர வேண்டுமானால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒருநாள் கூலி, போய்விடும். அந்தப் பேரின் விலை 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பஸ் காசும் ரியூஷன் காசும் அதிலிருந்துதான் போகவேண்டும்.

அவள் கலைப்பிரிவைத் ‘தெரிவு செய்தாள்’ என்று பள்ளிப் பதிவேடு சொல்லும். மலையகப் பிள்ளைகளுக்குக் கலைப்பாடங்களில்தான் நாட்டம் என்று பிறகு ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதுவார்.

சிங்களமொழிப் பாடசாலை பக்கத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஹட்டன் பிள்ளையைவிட றக்வானப் பிள்ளைக்குச் சிங்களம் சரளம், கடைத்தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் அதுவே பேச்சு. சில குடும்பங்கள் முதலாம் ஆண்டிலேயே பிள்ளையைச் சிங்கள வகுப்பில் சேர்க்கின்றன, அவர்களில் பல்கலைக்கழகம் போனவர்களும் உண்டு. ஆனால் பதினொரு ஆண்டு தமிழில் படித்துவிட்டுப் பன்னிரண்டாம் ஆண்டில் இரசாயனவியலைச் சிங்களத்தில் தொடங்குவது கடைத்தெருச் சிங்களத்தால் ஆகிற காரியமல்ல. மேலும் ஒரு சமூகம் விஞ்ஞானம் படிக்கத் தன் மொழியைப் பாடசாலை வாசலில் கழற்றிவைக்க வேண்டும் என்பது அந்தச் சமூகத்தில் ஒரு சிலருக்கே கட்டுப்படியாகும் விலை.

இப்போது பல்கலைக்கழக அனுமதிக்கு வருவோம். 1970களின் தரப்படுத்தல் சர்ச்சையிலிருந்து உருவாகி வந்த இன்றைய முறையில், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கான இடங்களில் நூற்றுக்கு 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கியவையாக அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. தாளில் பார்த்தால் றக்வான மாணவிக்கு இரட்டைச் சலுகை. நடப்பில் அந்த மாவட்டப் பங்கைப் பெறுபவர்கள் ஆய்வுகூடமும் அனுபவமுள்ள ஆசிரியரும் ரியூஷன் வகுப்புகளும் சூழ்ந்த நகரப் பாடசாலைகளின் மாணவர்களே. அவர்கள் உழைத்துப் பெறுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாவட்டத்தை அலகாகக் கொண்ட நீதி, மாவட்டத்துக்கு உள்ளே கிடக்கும் பள்ளத்தைப் பார்ப்பதில்லை. மாவட்டம் பின்தங்கியது என்ற முத்திரைக்குத் தோட்டத்தின் வறுமையும் ஒரு பகுதி காரணம், அந்த முத்திரையின் பலன் தோட்டத்துக்கு ஏறுவதில்லை.

இங்கே தமிழ்நாட்டின் அனுபவம் ஒப்பிடத்தக்கது. மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் வந்தபின் அரசுப் பள்ளிகளிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் மிகச் சிலரே. நீதிபதி பொ. கலையரசன் குழுவின் அறிக்கைக்குப் பின், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020 இல் சட்டமாக்கினார்கள். அடுத்த ஆண்டு அது பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அலகு மாவட்டமல்ல, சாதி மட்டுமல்ல, படித்த பள்ளி. இலங்கையிலும் மாவட்டப் பங்குக்குள் பாடசாலை வகையைக் கணக்கிலெடுக்கும் உள்ளொதுக்கீடு ஒன்றைப் பற்றிப் பேசலாம், பேசவேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அரசு மேனிலைப் பள்ளியில் உயிரியல் வகுப்பு இருந்தது, போட்டியிடப் பிள்ளைகள் இருந்தார்கள். சப்ரகமுவவில் நாளைக்கே ஒதுக்கீடு தந்தாலும் விண்ணப்பிக்க விஞ்ஞானம் படித்த தோட்டப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்கே இருப்பார்கள். பந்தி விரிப்பதற்கு முன் உலை வைத்தாக வேண்டும்.

அந்த உலையை வைக்க வந்த வாய்ப்பாகவே 2013 இல் அறிமுகமான உயர்தரத் தொழினுட்பப் பிரிவைப் பார்த்திருக்கலாம். பொறியியல் தொழினுட்பவியல் அல்லது உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், அத்தோடு தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், மூன்றாவதாகத் தகவல் தொழினுட்பமோ விவசாயமோ புவியியலோ கணக்கீடோ. 2015 இல் முதல் தொகுதி பரீட்சை எழுதியது. பல்கலைக்கழகங்கள் இவர்களுக்கெனத் தனிப் பட்டப்படிப்புகளைத் திறந்தன. பெலிஹுல்ஓயாவில் 1995 இல் நிறுவப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் இன்று தொழினுட்பபீடம் இருக்கிறது, அது றக்வான அடங்கிய அதே இரத்தினபுரி மாவட்டத்தில். தூய விஞ்ஞானத்துக்குத் தேவையான மூன்று தனித்தனி ஆசிரியர்கள் கிடைக்காத ஊருக்கு இந்தப் பிரிவு பொருத்தமானது. உயிர்முறைமைகள் தொழினுட்பவியலைத் தேயிலைத் தொழிற்சாலையும் நாற்றுமேடையும் பக்கத்திலேயே இருக்கும் பாடசாலையில் கற்பிப்பதைவிட வேறு எங்கே நன்றாகக் கற்பிக்கலாம்? ஆனால் தொழினுட்ப ஆய்வுகூடம் எந்தப் பாடசாலைக்கு என்று தீர்மானிக்கும்போது ஏற்கனவே வசதியிருந்த பாடசாலைகளே முன்னுரிமை பெற்றன. இடமும் மின்சாரமும் ஆசிரியரும் இருக்கும் இடத்துக்குத்தானே இயந்திரத்தை அனுப்ப முடியும் என்பது நிர்வாகத்தின் வாதம். அந்த வாதத்தால்தான் இல்லாதவர்கள் எப்போதும் இல்லாதவர்களாக இருக்கிறார்கள்.

தொழிற்பிரிவுக்குத் திரும்புவோம். அதன் அமைப்பு மோசமானதல்ல. சாதாரணதரப் பெறுபேறு எதுவாயினும் பிள்ளை சேரலாம். பன்னிரண்டாம் ஆண்டில் மொழி, ஆங்கிலம், தகவல் தொழினுட்பம், தொழில்முயற்சி போன்ற பொதுப்பாடங்கள். பதின்மூன்றில் தொழிற்பயிற்சி. முடிவில் தேசியத் தொழில் தகைமை நான்காம் மட்டம். கணிதத்தில் சித்தியில்லை என்பதற்காகப் பதினாறு வயதில் கொழும்புக் கடைக்கு அனுப்பப்படும் பிள்ளைக்கு இது உண்மையான உதவி. நான் அஞ்சுவது வேறொன்றை. இந்நாட்டில் செய்முறைக் கல்வியின் வரலாறு நல்ல சகுனமாக இல்லை. 1930களில் ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமத் தொழிலைக் கற்பிக்க முயன்றது. இது நம்மைக் கிராமத்திலேயே வைத்திருக்கும் கல்வி என்று பெற்றோர் ஐயுற்றார்கள். 1943 இன் கன்னங்கரா விசேட குழு அறிக்கை, தேர்வொன்றின்மூலம் பிள்ளைகளைப் பிரித்துச் சிலரைச் செய்முறைப் பாடசாலைக்கு அனுப்பலாம் என்றது. 1971 இளைஞர் கிளர்ச்சிக்குப் பின் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு படிப்புக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தமின்மையைச் சுட்டியது. 1972 சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. 1977 இல் ஆட்சி மாறியதும் அது கலைந்தது. சமூகவியலாளர் ரொனால்ட் டோர் தம் ‘டிப்ளோமா நோய்’ நூலில் இலங்கையை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்ததற்குக் காரணம் இந்தச் சான்றிதழ் ஓட்டமே.

பெற்றோரின் ஐயம் அறியாமை அல்ல என்பதை 1965 இல் கானாவை வைத்து எழுதிய கல்வி ஆய்வாளர் பிலிப் ஃபொஸ்டர் நன்றாகவே காட்டினார். ஏட்டுப் படிப்புத்தான் உண்மையில் தொழிற்கல்வி, ஏனெனில் நல்ல சம்பளமுள்ள வேலைக்கு வழிகாட்டுவது அது. பாடத்திட்டத்தை மாற்றினால் ஆசை மாறாது, வேலைச் சந்தையின் பரிசு மாறினால்தான் ஆசை மாறும் என்பது அவர் வாதத்தின் சாரம். தோட்டத்தில் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொழில் கற்றவனும் கற்காதவனும் ஒரே பேருக்கு மலை ஏறும் இடத்தில், தோட்டப்பயிர் உற்பத்தி படித்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு தாய் கேட்பது பொருளாதாரக் கேள்வி.

மறுபக்கச் சான்றும் உண்டு. 1969 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்கிய ‘கெரியர் அகாடமி’ என்ற முறையில், ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே சிறு பிரிவாகப் பிள்ளைகள் ஒரு தொழில்துறையைச் சுற்றிப் படிப்பார்கள். வழக்கமான கணிதமும் விஞ்ஞானமும் நிறுத்தப்படுவதில்லை. குலுக்கல்முறையில் பிரித்துப் பள்ளி முடித்து எட்டு ஆண்டுகள்வரை பின்தொடர்ந்த ஆய்வொன்று, இப்பிரிவில் இடம் பெற்றோரின் வருமானம் சராசரி 11 விழுக்காடு கூடுதல் என்றும், கல்லூரிப் படிப்பை முடித்தோர் விகிதத்தில் வேறுபாடில்லை என்றும் கண்டது. உழைப்புக்கு வழி திறந்தது, கல்லூரிக்கு வழி மூடவில்லை. காரணம் எளிது, இரண்டு வாசலும் ஒரே முற்றத்தில் இருந்தன. பிள்ளை ஒன்றைவிட்டு மற்றதற்குப் போக ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை.

றக்வானவுக்கு இதிலிருந்து பெறக்கூடிய பாடம் வரிசைபற்றியது. எட்டுப் பத்துச் சிறு பாடசாலைகளுக்குத் தலைக்கொரு தொழிற்பாடத்தைப் பகிர்ந்தளிப்பதற்கு முன், றக்வான, கஹவத்தை, பெல்மதுளைத் தோட்டங்களின் பிள்ளைகளை ஒன்றுசேர்க்கும் ஒரு தமிழ்மொழி 1ஏபி பாடசாலை வேண்டும். அதில் விஞ்ஞானம், தொழினுட்பம், தொழிற்பிரிவு மூன்றும் ஒரே வளவில். அதனோடு விடுதி, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. விடுதியில்லாமல் இந்தத் திட்டம் ஆண்பிள்ளைகளின் திட்டமாகிவிடும். றக்வானவிலேயே பரியோவான் பெயரில் பழைய தமிழ்ப் பாடசாலையொன்று இருக்கிறது. புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதைவிட, இருக்கும் ஒன்றை உயர்த்துவது மலிவு. அடிக்கல்லில் பெயர் பொறிக்கலாம் என்பதால் அரசியல்வாதிகளுக்கு இருப்பதை உயர்த்தும் வழி உவப்பாக இராது. தமிழ்மொழி பௌதிகவியல் ஆசிரியர் கிடைக்கும்வரை சில பாடங்களை ஆங்கிலமொழியில் நடத்தலாமா என்பதும் யோசிக்கத்தக்கது, பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் எப்படியும் ஆங்கிலத்தில்தான். கல்வி 13 ஆவது திருத்தத்தின்கீழ் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். ஆகவே இதற்கான முதல் கோப்பு சப்ரகமுவ மாகாணக் கல்வி அமைச்சில் திறக்கப்பட வேண்டும்.

மாணிக்கக்கல்லையும் விட்டுவிட முடியாது. 1993 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இரத்தினக்கல், ஆபரண ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் கடுவலையில், கொழும்பின் ஓரத்தில் இருக்கிறது. கல் இறங்கும் இடம் இங்கே, கல்லை அறியும் கல்வி அங்கே. கல் வெட்டல், பட்டை தீட்டல், இனங்காணல் ஆகியவற்றை 27 ஆவது பாடமாகச் சேர்த்து இம்மாவட்டத்தில் மூன்று மொழியிலும் நடத்தினால், தோட்டத்துப் பையன் குழிக்குள் இல்லம் எனும் மாணிக்கச் சரளையை அள்ளும் கூலியாக இறங்குவதோடு நிற்காமல் மேசைப் பக்கமும் உட்கார வாய்ப்பு வரும். இன்று பள்ளியை விட்ட பையனுக்குக் குழி கொடுக்கும் காசு எந்தப் பாடத்திட்டமும் கொடுக்காத ஈர்ப்பு. அதோடு போட்டியிடும் பாடம் அதே கல்லைப் பற்றியதாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எஞ்சியது தோட்டப்பயிர் உற்பத்தி. அதை நான் மறுக்கவில்லை. தேயிலையைப் பற்றித் தோட்டத்தில் பிறந்த பிள்ளையைவிட அதிகம் அறியக்கூடியவர் யார்? ஆனால் 1992 இலிருந்து தோட்டங்களை நடத்திவரும் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்டாக வேண்டும். நான்காம் மட்டத் தகைமையோடு வரும் தொழிலாளியின் மகளை வெளிக்கள உத்தியோகத்தராக எடுப்பீர்களா, தொழிற்சாலை உத்தியோகத்தராக எடுப்பீர்களா, அல்லது தாயின் பக்கத்து நிரையில் கூடை கட்டி நிறுத்துவீர்களா? அந்தப் பாடத்தைத் தோட்டப் பாடசாலையொன்றில் தொடங்குமுன், நியமனக் கடிதத்தில் எந்தப் பதவிப்பெயர் எழுதப்படும் என்பதை மாகாண அமைச்சு கம்பனிகளிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளட்டும்.